மஞ்சள் காருக்கு எதிராக ஒரு ஜெபம்

என் மனைவிக்குப் பொத்தாம்பொதுவாக ஜெபம் பண்ணுவது பிடிக்காது. "எங்களை ஆசீர்வதியும்" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்கு இளக்காரம்தான். கேட்பதை விவரமாகக் கேட்க வேண்டும் என்பது அவள் பாளையங்கோட்டையிலிருந்து கொண்டுவந்த கொள்கை. எல்லாம் தெரிந்தவரிடம் விவரம் எதற்கு என்று நான் கேட்டால் முறைப்பாள். அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து ரவுண்ட் ராக்கில் நாங்கள் இருந்த வருஷங்களில், எங்கள் கிரீன் கார்டு ஃபைல் எந்த ஊர் ஆபீசில், எந்த ஆபீசர் மேஜையில் கிடக்கிறது, அதன்மேல் யார் யாருடைய ஃபைல்கள் குவிந்திருக்கின்றன என்பதுவரை ஆண்டவருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆட்டோக்காரருக்கு வீட்டுக்கு வழி சொல்வது மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு சத்தம் வராமல் சிரிப்பதில் எனக்கு நல்ல பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டெஸ்ட் என்ஜினியர். புது மெஷின்களைச் சூடாக்கி, குளிரவைத்து, குலுக்கி, எப்போது உயிரை விடுகிறது என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. அபார்ட்மென்டை விட்டு ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம். கையோடு பழைய வேன் ஒன்றும் வாங்கினோம். வாங்கிய வாரமே எங்கள் ஜெபக் குழுவின் ஆன்ட்டிகளும் அங்கிள்களும் வந்து, டிரைவ்வேயில் வேனைச் சுற்றி நின்று, பானெட்டில் கை வைத்து ஜெபித்தார்கள். பிரேக்குக்கு ஒருவர், டயருக்கு ஒருவர், ஃப்ரீவேயில் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களுக்காக ஒருவர். நல்ல வெயில். எனக்கு உள்ளங்கை சுட்டது, எடுத்துவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அவர் டிரைவ்வேயில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டெக்சஸ்காரர், நாற்பது வயதிருக்கும். டிங்கரிங், பெயின்டிங் ஷாப் வைத்திருந்தார். அவர் வீட்டு முன்னால் எப்போதும் ஒரு நீல ரேஸ் கார் நிற்கும். பார்ப்பதற்குச் சாதாரண ரோட்டுக் கார்தான். ஆனால் உள்ளே ஒரே ஒரு சீட், சுற்றிலும் இரும்புக் குழாய்க் கூண்டு. கதவுகளை வெல்டிங் வைத்து மூடியிருக்கும். ஜன்னல் வழியாகத்தான் ஏறவும் இறங்கவும் முடியும். ஊருக்கு வெளியே ஒரு சின்ன டிராக்கில் சனிக்கிழமை சாயங்காலம் தோறும் ஸ்டாக் கார் ரேஸ் நடக்கும், அதற்கான கார் அது.

எல்லோரும் போனபிறகு அவர் வந்து, "மேம், இது ரேஸ் காருக்கும் பலிக்குமா?" என்று என் மனைவியிடம் கேட்டார். அவர் பாதி விளையாட்டாகத்தான் கேட்டார். இவளிடம் போய் அப்படிக் கேட்கலாமா? துப்பட்டாவை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நேராக நீல காரிடம் போய்விட்டாள்.

அவர் பிரச்சினை என்ன என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு சீசனாக அவர் இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்தார். முதலில் வருவது எப்போதும் ஒரே ஆள்தான். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மனிதர், மஞ்சள் கார். முப்பது வருஷமாக அந்த டிராக்கில் ஓட்டுகிறவர். அங்கே எல்லோரும் அவரை ஓல்ட் மேன் என்பார்கள், நாங்கள் பெரியவர் என்போம். அவர் ஓட்டுகிற விதம் சாதுவானது இல்லை. முன்னால் போகிற கார் வழிவிடாவிட்டால் வளைவில் பின்னாலிருந்து லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். அந்தக் கார் தடுமாறி ஒதுங்கும், இவர் போய்விடுவார். கேலரியில் பாதிப் பேர் எழுந்து நின்று கத்துவார்கள், பாதிப் பேர் திட்டுவார்கள். ரேஸ் முடிந்ததும் தான் தட்டிய காரைத் தேடிப்போய், நசுங்கிய இடத்தைக் குனிந்து பார்த்து, டிரைவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவார். மன்னிப்புக் கேட்கிற பழக்கமெல்லாம் கிடையாது.

நான் பக்கத்து வீட்டுக்காரருடன் டிராக்குக்குப் போய் டயர் உருட்டித் தருவேன். ஆனாலும் மனசுக்குள் நான் பெரியவர் கட்சி. அந்த ஓட்டத்தைப் பார்த்தபிறகு வேறு கட்சியில் இருக்க முடியாது. இதை வீட்டில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"முட்டுதது ஒரு திறமையா? ரோட்ல ஒருத்தன் அப்படி முட்டுனா கோர்ட்டுக்குப் போவீங்கல்லா?"

"ரோடு வேற, ரேஸ் வேற."

"எல்லாம் ஒண்ணுதான். நான் கர்த்தர்ட்ட கேக்குதேன், நீங்க வேணா உங்க பெரியவருக்கு விசில் அடிங்க."

கேட்கவும் செய்தாள். சனிக்கிழமை மத்தியானம் ஆனால் நீல காரின் பானெட்டில் கை. பக்கத்து வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நிற்பார், ஒரு வார்த்தை புரியாது. முதலில் "வெற்றி தாரும்" என்று கேட்டாள். இரண்டாவதாகத்தான் வந்தார். விவரம் பத்தவில்லை என்று முடிவுகட்டி, அடுத்த வாரத்திலிருந்து என்ஜின், டயர், வளைவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்போதும் இரண்டாவது. கடைசியில் விஷயத்துக்கு வந்துவிட்டாள். "ஆண்டவரே, முன்னால ஓடுகிற அந்த மஞ்சள் காரை இவர் வழியிலேருந்து எடுத்துப்போடும்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் இருமல் வந்துவிட்டது.

இப்படி இருக்கையில் ஒரு நாள் சாயங்காலம் ஒரு பழைய டிரக் பக்கத்து வீட்டு வாசலில் வந்து நின்றது. நீல காரின் கியர்பாக்ஸ் உடைந்து, அந்த வாரம் ஓட்ட முடியாது என்ற நிலைமை. டிரக்கிலிருந்து வயதான ஒருவர் தன்னிடமிருந்த ஸ்பேர் கியர்பாக்ஸை இறக்கினார். பக்கத்து வீட்டுக்காரர் ஷாப்பிலிருந்து இன்னும் வரவில்லை. என் மனைவி, வந்த மனுஷரை வெயிலில் நிற்கவைப்பதா என்று, இஞ்சி தட்டிப் போட்ட டீயை எவர்சில்வர் டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். முதல் தடவை விரல் சுட்டுவிட்டது. பிறகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு குடித்தார், இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் போனபிறகு நான் சொன்னேன், அதுதான் மஞ்சள் கார் என்று.

"இவரா?" என்றாள். "தான் தோக்கடிக்கிற ஆளுக்கே ஸ்பேர் பார்ட் கொண்டாந்து கொடுக்காரு?"

"கொண்டாந்து கொடுத்துட்டு சனிக்கிழமை முட்டுவாரு."

அப்படித்தான் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அந்தக் கியர்பாக்ஸை மாதக் கடைசியில் துடைத்து, ஒரு பெட்டி பீருடன் திருப்பிக் கொடுத்தார். இருவரும் பேசிக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. ஜூலை மாதம் உள்பக்கமாக முந்தப் போனவரைப் பெரியவர் வழிமறித்து உரசினார். நீல காரின் வலது முன் சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் ஒட்டிக்கொண்டது. ஊரார் காருக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறவர் அதை மட்டும் துடைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அவர் பக்கத்தில் அவ்வளவு நெருங்கிப் போனேன் என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி இருக்கிறது?" என்றார்.

என் மனைவி ஜெபத்தை நிறுத்தவில்லை. ஆனால் டீ கொடுத்த பிறகு அதில் ஒரு வரி சேர்ந்தது. "மஞ்சள் காரை எடுத்துப்போடும்" என்றதும் கொஞ்சம் நிறுத்தி, "காரை மட்டும் ஆண்டவரே, மனுஷனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது" என்பாள். வக்கீல் பத்திரம் எழுதுகிற மாதிரி ஜெபிக்கிறாயே என்று கிண்டல் செய்தேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. அன்று எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம், சமையல் அடுப்பில் இருந்தது. இவள் வழக்கம்போலக் காரில் கை வைத்து ஆரம்பித்தாள். மஞ்சள் கார் வரைக்கும் வந்துவிட்டாள். உள்ளே குக்கர் விசிலடித்தது, உடனே இன்னொன்று. பருப்பு குழைந்துவிடும் என்று "ஆமென்" சொல்லி முடித்துவிட்டு ஓடினாள். அப்போது யாரும் அதைக் கவனிக்கவில்லை, நானும்தான்.

ஜெபக் கூட்டத்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு நான் டிராக்குக்குப் போயிருந்தேன். கடைசிச் சுற்றுகளில் மஞ்சள் முன்னால், நீலம் ஒட்டிப் பின்னால். எதிர்ப்பக்கத்து வளைவில் மஞ்சள் கார் திரும்பவில்லை. நேராகப் போய்ச் சுவரில் மோதியது. அவ்வளவுதான். தீ கிடையாது, கார் உருளவில்லை. அதைவிட மோசமான விபத்துகளிலிருந்து அவர் ஜன்னல் வழியாக இறங்கிக் கையாட்டியதை நானே பார்த்திருக்கிறேன். கேலரி கையாட்டலுக்காகக் காத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் முதலிடத்தில் போயிருக்கலாம், வழி திறந்து கிடந்தது. காரை டிராக்கிலேயே நிறுத்திவிட்டு, ஜன்னல் வழியாக இறங்கி, திரும்பி ஓடினார். பெரியவர் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சாம்பார் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள்.

"நான் அந்த வரியைச் சொல்லல."

"எந்த வரி?"

"மனுஷனுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு சொல்லுவேன்லா. குக்கர் கத்துச்சுன்னு விட்டுட்டேன். காரை எடுத்துப்போடும்னு மட்டும் சொல்லிட்டு ஆமென் போட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதர் செத்திருக்கிறார், இவள் தன் ஜெபத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று. "கடவுள் என்ன, நீ சொல்றதை எழுத்துக்கு எழுத்து பாத்துச் செய்யற கிளார்க்கா?" என்று கத்தினேன். அவள் முகத்தைப் பார்த்ததும்தான் இது என் கத்தலுக்கு அடங்குகிற விஷயம் இல்லை என்று புரிந்தது.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் ஜெபம் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் நேராகச் சாப்பாடு. கல்யாணமான நாளிலிருந்து சோறு ஆறிப்போகிறதே என்று அலுத்துக்கொண்டவன் நான். இப்போது தட்டில் கை வைக்காமல் சோற்றை ஆறவிட்டவனும் நான்தான். ஆன்ட்டிகள் வந்து, அப்படியெல்லாம் நினைக்கக் கூடாதும்மா, எல்லாம் அவர் சித்தம் என்றார்கள். ஒரு அங்கிள் மட்டும், "ஜெபத்துக்கு வல்லமை உண்டு சிஸ்டர், ஜாக்கிரதையா கேக்கணும்" என்றார். அவரை வாசல்வரை கொண்டுபோய்விட்டு, இனி இந்தப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன். ஆனால் அவள் அந்த அங்கிளின் வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டில் வேறு விதமான துன்பம். பெரியவரை இவர்தான் பின்னாலிருந்து தட்டிச் சுவருக்கு அனுப்பினார் என்று ஊரில் பேச்சுக் கிளம்பிவிட்டது. தட்டவில்லை, நான் பார்த்தேன். ஆனால் பார்க்காதவர்களுக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது. நீல காரில் மஞ்சள் பெயின்ட் இருக்கிறதே, போய்ப் பாருங்கள் என்றார்கள். ஜூலை மாதத்துப் பெயின்ட் அது. ஷாப்புக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். யாரோ அவர் தபால் பெட்டியைக் கட்டையால் அடித்து நெளித்துவிட்டுப் போனார்கள். அவருக்கு அந்தப் பெயின்டை எடுப்பது கால்மணி நேர வேலை.

"எடுத்துவிட வேண்டியதுதானே?" என்றேன்.

"எடுத்தால், மறைத்துவிட்டான் என்பார்கள்" என்றார். பிறகு, "அவர் என்னிடம் விட்டுப்போனது அது ஒன்றுதான்" என்றார். எப்போதும் திறந்து கிடக்கிற அவர் கராஜ் மூடியே இருந்தது.

இவள் அவரிடம் போய்ச் சொல்லப்போகிறேன் என்று ஆரம்பித்தாள். நான் மறித்தேன். "அந்த ஆளே நொந்து கிடக்காரு. நீ போய் என்ன சொல்லுவ? நான் உங்களுக்காகக் கேட்டு அவரைக் கொன்னுட்டேன்னா?"

"ஆமா. அதான் உண்மை."

"உண்மை இல்ல. பைத்தியக்காரத்தனம்."

"அப்ப இவ்வளவு நாளா நான் பண்ணுனது எல்லாம் பைத்தியக்காரத்தனமா? கேட்டா கிடைக்கும்னு நம்பித்தானே கேட்டேன். இப்ப மட்டும் கிடைக்கலன்னு எப்படிச் சொல்லுவேன்?"

இத்தனை வருஷம் சிரித்துக்கொண்டிருந்தவனால் அவளுக்கு ஒரு ஆறுதல் சொல்ல முடியவில்லை. நம்பாதவன் சொல்கிற ஆறுதல் அவளுக்கு எதற்கு ஆகும்?

இரண்டு வாரம் கழித்து டிராக்கில் பெரியவருக்கு அஞ்சலி என்று அறிவித்தார்கள். பெரியவரின் மனைவி பக்கத்து வீட்டுக்காரரை ஃபோனில் கூப்பிட்டு, உன் காரைக் கொண்டுவா என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். தனியாகப் போக அவருக்குத் தைரியம் இல்லை. கூட வர முடியுமா என்று எங்களைக் கேட்டார். அதுவரை டிராக்குப் பக்கமே வராத என் மனைவி அன்று வந்தாள். கிளம்பும்போது பக்கத்து வீட்டுக்காரர் பழக்கத்தில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். இவள் பானெட்டைத் தொடாமல் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நல்ல வெயில். டிராக்கில் கார்கள் வரிசையாக நின்றன. நீல கார் டிரெய்லரிலிருந்து இறங்கியதும் பேச்சு நின்றுபோனது. எல்லாக் கண்ணும் அந்த வலது பக்கத்துக்குத்தான் போனது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு சின்ன உருவம் வந்தது. மெலிந்த அம்மா, கணவருடைய பழைய ஜாக்கெட்டைப் போட்டிருந்தார், கைகள் வெளியே தெரியவில்லை. நேராகக் காரிடம் வந்து, ஜாக்கெட் கையை மடித்துவிட்டு, மஞ்சள் பெயின்டின்மேல் விரலை வைத்தார்.

"இது ஜூலையில் பட்டது" என்றார். சத்தமாகத்தான் சொன்னார், சுற்றி நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி. "அன்று ராத்திரி சாப்பாட்டு மேஜையில் அவரைத் திட்டினேன். அந்தப் பையனைச் சாகடிக்கப் பார்த்தாயே என்று. அதற்கு அவர், என்னை முந்த லாயக்கானவன் அவன் ஒருத்தன்தான், அவனை வேறு எப்படி நிறுத்துவது என்றார்." பக்கத்து வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "இதைத் துடைத்தாயானால் உன்னோடு பேச மாட்டேன்" என்றார்.

அந்த நாற்பது வயதுப் பையன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கூட்டம் மெதுவாக வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்தது.

நான் திரும்பினால் என் மனைவி பக்கத்தில் இல்லை. அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றிருந்தாள். நான் எட்டிப் பிடிப்பதற்குள் பேசத் தொடங்கிவிட்டாள். அவள் இங்கிலீஷ் பதற்றத்தில் உடைந்துகொண்டே வந்தது, இருந்தும் ஒன்றையும் விடவில்லை. சனிக்கிழமைதோறும் கை வைத்தது, மஞ்சள் காரை எடுத்துப்போடும் என்று கேட்டது, மனுஷனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்ற வரி, குக்கர், விட்டுப்போனது. "நான்தான் கேட்டேன்" என்று முடித்தாள்.

அந்த அம்மா அறைந்தால்கூட நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

"டீ கொடுத்த பெண் நீதானா?" என்றார்.

இவள் தலையாட்டினாள்.

"ஹனி, நீ ஒரு சீசன் கேட்டிருக்கிறாய். நான் அந்தக் கேலரியில் உட்கார்ந்து முப்பது வருஷமாக அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த மஞ்சள் காரிலிருந்து அவரை இறக்கிவிடு, இறக்கிவிடு என்று." அவர் குரல் அங்கேதான் உடைந்தது. "எப்படி இறக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். யார் யாருக்கு ஆறுதல் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆறுதல் என்று அதைச் சொல்ல முடியுமா என்றும் தெரியவில்லை. அப்படிப் பிடித்த கையை விடாமலே அஞ்சலிச் சுற்று முடியும்வரை வேலியோரம் நின்றார்கள். கார்கள் மெதுவாக வந்தன. முதல் காரின் இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். அதற்குப் பின்னால் நீல கார். அன்றும் அவர் இரண்டாவதாகத்தான் வந்தார்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். நான் தட்டில் கை வைக்கப் போனபோது அவள் கண்ணை மூடியிருப்பதைப் பார்த்தேன். கையை எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதம் கிரீன் கார்டுக்குக் கைரேகை எடுக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். எத்தனை வருஷக் காத்திருப்பு. ஃபைல், ஆபீசர், மேஜை எல்லாம் ஜெபத்தில் வரப்போகிறது என்று நானும் கண்ணை மூடிக்கொண்டேன். முதல் தடவையாக எனக்கும் அவையெல்லாம் வர வேண்டும் என்றிருந்தது. நெடுநேரம் சத்தமே இல்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"ஆண்டவரே" என்றாள். பிறகு ஒன்றும் கேட்காமல், "ஆமென்" என்றாள்.